ஐந்து நாள் முன்பே 22 அங்குலம் பனி என்று காட்டும் வரைபடத்தை நம்பலாமா?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: நியூஜெர்சியின் எடிசனில் இருக்கிறீர்கள். அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து கிளம்பி ஞாயிறு மாலை நியூவர்க்கில் இறங்குகிறார்கள். இன்று செவ்வாய். இணையத்தில் ஒரு வானிலை ஆர்வலர் உங்கள் ஊர் மேல் 22 அங்குலம் என்று ஊதா நிற வரைபடம் போட்டிருக்கிறார். உங்கள் போன் ஆப் 2 அங்குலம் என்கிறது. அரசு வானிலைச் சேவையோ எண் எதுவும் சொல்லாமல் ‘பனிப்புயலுக்கு வாய்ப்பு இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. யாரை நம்புவது, டிக்கெட்டை மாற்றுவதா என்று கேட்கிறீர்கள். எனக்கு இதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. ஐந்து நாள் முன்னால் ஒரு பனிப்புயலைப் பற்றி ஒருவருக்கு எவ்வளவுதான் தெரிய முடியும்? அது தெளிந்தால் மற்றது தானாகத் தெளிந்துவிடும்.

நான் வளிமண்டல அறிவியல் படித்தவன். குளிர்காலத்தில் சாலைகளுக்கு உப்பு போடும் ஒப்பந்தக்காரர்களுக்கு முன்னறிவிப்பு எழுதிக்கொடுப்பது பல வருடமாக என் வேலை. எத்தனை அங்குலம் என்று அவர்கள் கேட்பது கடைசியில்தான். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், முதலில் மழையா பனியா, எப்போது நிற்கும் என்பவைதான் முதல் மூன்று கேள்விகள். மழையாக ஆரம்பித்தால் முன்கூட்டியே தெளித்த உப்புக் கரைசல் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், காசும் போய்விடும். விமான நிறுவனங்கள் உள்ளுக்குள் எப்படி முடிவெடுக்கின்றன என்பது என் துறை கிடையாது. அதைப் பற்றிக் கீழே சொல்வதை ஒரு பயணி சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஊதா வரைபடம். அது முன்னறிவிப்பே கிடையாது. ஒரு கணினி மாடல், அதாவது வளிமண்டலம் இனி எப்படி மாறும் என்று கணக்கிடும் நிரல், ஒரே ஒரு தடவை ஓடி முடித்ததும் வரும் எண்களுக்கு ஒரு வலைத்தளம் தானாக வண்ணம் பூசிக் காட்டுகிறது. நடுவில் மனிதர் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதிலும் பாதி வரைபடங்கள் ‘பத்துக்கு ஒன்று’ கணக்கில் போட்டவை, அதாவது ஒரு அங்குல நீர் விழுந்தால் பத்து அங்குலப் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியவை. வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இருக்கும்போது விழும் ஈரப் பனியில் ஐந்தாறு அங்குலம்தான் தேறும். நல்ல குளிரில் விழும் உதிரிப் பனி பதினைந்து, இருபதுகூடப் போகும். இதைவிட மோசம், அந்தக் கணக்கு பல தளங்களில் ஸ்லீட்டையும் பனியாகவே எண்ணிவிடும். மேலே ஒரு வெதுவெதுப்பான அடுக்கில் உருகி, கீழே குளிர்ந்த அடுக்கில் மறுபடி உறைந்து, ஜன்னலில் அரிசியை விட்டெறிந்த மாதிரி சத்தத்தோடு விழும் குறுணைதான் ஸ்லீட். ஒரு அங்குல நீர் ஸ்லீட்டாக விழுந்தால் தரையில் நிற்பது இரண்டு மூன்று அங்குலம். ஆக, மாடல் சொன்னது அப்படியே பலித்தாலும், 22 என்று காட்டிய இடத்தில் நீங்கள் வாரப்போவது 9 அங்குலமாக இருக்கலாம். போன் ஆப்பும் அதே ஜாதிதான். மாடல் எண்ணை உங்கள் பின்கோடுக்குப் பொருத்திக் காட்டுகிறது, அடுத்த ஓட்டத்தில் மாற்றிக்கொள்கிறது. 22க்கும் 2க்கும் நடுவே யார் சரி என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. இரண்டுமே இன்றைக்கு யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கின்றன.

சரி, உறுதியாகத் தெரிந்தது என்ன? இந்தக் கரையைத் தாக்கும் பெரிய பனிப்புயல்கள் பெரும்பாலும் நாரீஸ்டர் வகை. கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் கல்ஃப் நீரோட்டத்தின் மேலிருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றும் கரைக்குப் பக்கத்தில் உரசிக்கொள்ளும் இடத்தில், வட, தென் கரோலினா மாநிலங்களுக்கு அருகே ஒரு தாழ்வழுத்தம் பிறந்து, கரையை ஒட்டியே வடகிழக்காக ஏறும். வடக்கு அகலாங்கு 40, மேற்கு நெட்டாங்கு 70 என்று நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே கடலில் ஒரு புள்ளி உண்டு. புயலின் மையம் அதை ஒட்டிப் போனால் நியூயார்க்கிலிருந்து பாஸ்டன் வரை நல்ல பனி கிடைக்கும் என்பது பழைய அனுபவக் கணக்கு. மையம் மேற்கே நகர்ந்து கரையைத் தழுவினால் கடல்காற்று உள்ளே புகுந்து எடிசனில் மழை பெய்யும், இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் மாரிஸ்டவுனில் பனி பெய்யும். கிழக்கே நகர்ந்தால் நீங்கள் வெயிலில் கார் கழுவிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், கியூபெக் பக்கம் ஒரு பலமான உயர் அழுத்தம் உட்கார்ந்து குளிரை ஊட்டிக்கொண்டே இருந்தால்தான் பனி பனியாக நிற்கும். கடலின் சூடும் கணக்கில் வரும். டிசம்பரில் அட்லாண்டிக் இன்னும் ஆறியிருக்காது, பிப்ரவரியில் நன்றாகக் குளிர்ந்திருக்கும். அதனால் ஒரே பாதையில் போகும் புயல் டிசம்பரில் மழையாகவும் பிப்ரவரியில் பனியாகவும் முடியலாம்.

வாஷிங்டன், பிலடெல்ஃபியா, நியூயார்க் வழியாகப் போகும் ஐ-95 சாலையை ஒட்டித்தான் இந்த மழைப் பனிக் கோடு அடிக்கடி வந்து நிற்கும். எடிசன் அந்தச் சாலை மேலேயே இருக்கிறது. கோடு நாற்பது, ஐம்பது மைல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் உங்களுக்கு எல்லாமே மாறிவிடும். ஐந்து நாள் முன்னால் புயல் மையத்தின் இடத்தில் மாடல்கள் தவறுவது அதைப்போலப் பல மடங்கு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், செவ்வாய்க்கிழமை யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கு என்ன மதிப்பு என்று புரிந்துவிடும்.

இனி அந்த ஆர்வலர்கள். ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க மாடல் நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. நம் நேரத்துக்கு இரவு பத்தரை மணி சுமாருக்கு அதன் படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கும். சில மணி நேர இடைவெளிக்கு ஒரு படம். அப்போது இவர்களோடு உட்கார்ந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ‘60வது மணியில் கியூபெக் அழுத்தம் முந்தின ஓட்டத்தைவிடப் பலமா இருக்கு’, ‘72ல பள்ளம் கொஞ்சம் மேற்கே சாயுது’, ‘84, வந்துருச்சு’ என்று படத்துக்குப் படம் தட்டிக்கொண்டே இருப்பார்கள். எண்கள், ஓட்டம் தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து என்பது. பள்ளம் என்றால் உயரத்தில் காற்றோட்டம் தெற்கே வளைந்து இறங்கும் இடம். அது முடிந்ததும் தூங்கப் போக மாட்டார்கள். யூரோ என்று செல்லமாகச் சொல்லும் ஐரோப்பிய மாடல் இரவு ஒரு மணி வாக்கில் வரும். அதையும் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்கள். காலையில் வேலைக்கும் போவார்கள். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடல் சுழற்சியைப் பின்தொடர்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே வெறிதான். அங்கே கேள்வி எங்கே கரை கடக்கும், எவ்வளவு மழை என்பதோடு முடிந்துவிடும். இங்கே அதோடு ஒன்றிரண்டு டிகிரி வெப்பநிலையும் சேர்ந்துகொள்வதால் குழப்பம் இரட்டிப்பு.

அவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் ஒற்றை ஓட்டத்தை விட்டுவிட்டு என்செம்பிளைப் பார்ப்பார்கள். வளிமண்டலத்தின் இப்போதைய நிலை நமக்கு முழுத் துல்லியமாகத் தெரியாது. அதனால் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாடலைப் பல தடவை ஓட்டுகிறார்கள். யூரோவை நடத்தும் ஐரோப்பிய மையம் அப்படி 50 ஓட்டங்களும், மாற்றாத ஒன்றும் தருகிறது. அமெரிக்க என்செம்பிளில் 31. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 50ல் 15 ஓட்டங்கள் எடிசனுக்கு 16 அங்குலம் தருகின்றன, மீதி 35ம் புயலைக் கடலுக்கு அனுப்பிவிட்டு ஒன்றும் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஏறக்குறைய 5 அங்குலம். ஆனால் ஐந்து அங்குலம் என்று ஒரு ஓட்டமும் சொல்லவில்லை! ‘சராசரியாக ஐந்து, சமாளிக்கலாம்’ என்று நினைப்பவர் நடக்கவே வாய்ப்பில்லாத ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். சரியான வாசிப்பு இது: பெரிய புயலுக்கு பத்தில் மூன்று, ஒன்றுமில்லாமல் போக பத்தில் ஏழு. ஐந்து நாள் முன்னால் நேர்மையாகச் சொல்லக்கூடியது இந்த வடிவில்தான் இருக்கும். அரசு வானிலைச் சேவை எண் சொல்லாமல் வாய்ப்பு என்று மட்டும் சொல்வதைப் பார்த்து மழுப்புகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். உங்கள் மூன்று ஆதாரங்களில் தெரிந்ததை மட்டும் சொன்னவர்கள் அவர்கள்தான்.

கடைசி நாளில்கூட ஓரத்தில் இருப்பவர்களுக்கு நிச்சயம் கிடையாது என்பதற்கு 2015 ஜனவரி 26, 27 நல்ல பாடம். நியூயார்க்குக்கு இரண்டு அடி, அதற்கு மேலும் வரலாம் என்று அறிவிப்பு. நகர வரலாற்றின் மிகப் பெரிய பனிப்புயல்களில் ஒன்றாக இருக்கலாம் என்று மேயர் டி பிளாசியோ சொன்னார். இரவு 11 மணிக்குச் சுரங்க ரயிலை நிறுத்தினார்கள். பனிக்காகச் சுரங்க ரயில் நின்றது அதுவே முதல் தடவை. விடிந்து பார்த்தால் சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம். எல்லோரும் வானிலைக்காரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அதே இரவு கிழக்கே லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9 அங்குலம், மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5. புயல் சொன்னபடிதான் வந்தது. அதன் மேற்கு ஓரம் மட்டும் சற்றுக் கிழக்கே தள்ளி விழுந்தது, அந்த ஓரத்தில்தான் எண்பது லட்சம் பேர் இருந்தார்கள். 2012ல் சாண்டி புயலை முன்கூட்டியே பிடித்ததால் யூரோ மாடலுக்கு அப்போது பெரிய மரியாதை. இந்த 2015 புயலுக்கு அது அதிகம் காட்டியது, அப்போதுதான் மேம்படுத்தப்பட்டிருந்த ஜிஎஃப்எஸ் குறைவாகக் காட்டியது. பலரும் யூரோ பக்கம் சாய்ந்தார்கள். அரசு வானிலைச் சேவையின் நியூஜெர்சி மவுண்ட் ஹோலி அலுவலகத்தில் தலைமை வகித்த கேரி ஷட்கோவ்ஸ்கி ட்விட்டரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசுதான். என்னைக் கேட்டால், பிசகியது புயலைக் கணித்ததில் இல்லை, நிச்சயமின்மையை மக்களுக்குச் சொன்ன விதத்தில். வானிலைச் சேவையின் அப்போதைய இயக்குநர் லூயி உச்செல்லினியும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். இந்தக் கரையின் பனிப்புயல்களை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2010ல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மாடல்கள் ஒரு புயலைக் கடலுக்கு அனுப்பிவிட்டன, ஆர்வலர்களும் கடையைக் கட்டினார்கள். பிறகு கடைசி நேரத்தில் அது திரும்பி வந்து சென்ட்ரல் பார்க்கில் 20 அங்குலம் கொட்டியது. 2016 ஜனவரியில் பெரிய புயல் வருகிறது என்பது ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே தெரிந்திருந்தது. அப்படியும் நியூயார்க் நகருக்கு முந்தின நாள் சொன்னது குறைவு, விழுந்தது 27.5 அங்குலம். 1993 மார்ச் சூப்பர் புயலை ஐந்து நாள் முன்பே எச்சரித்தார்கள், அது இந்தத் துறையின் பெருமைக்குரிய வெற்றி. ஆக, ஐந்து நாளில் எதுவுமே தெரியாது என்று சொல்ல மாட்டேன். ‘பெரிதாக ஒன்று வருகிறது’ என்பது சில சமயம் நன்றாகவே தெரியும். உங்கள் வாசலில் எவ்வளவு என்பதுதான் தெரியாது.

சந்தேகத்துக்குரிய இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆர்வலர் பக்கங்களில் இவற்றை உறுதியான உண்மை போலப் படிப்பீர்கள். ஒன்று, ‘புயலின் விதை இன்னும் பசிபிக் மேலே இருக்கிறது, அது அமெரிக்கக் கரை ஏறி, வானிலை பலூன்கள் அளந்த பிறகு மாடல்கள் எல்லாம் ஒத்துப்போய்விடும்’ என்பது. பலூன்கள் பொதுவாக நாளுக்கு இரண்டு முறை பறக்கின்றன, பயனுள்ளவைதான். ஆனால் இன்றைக்கு மாடல்களுக்குள் போகும் தகவலில் மிகப் பெரும் பங்கு செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது, பசிபிக் ஒன்றும் இருட்டறை இல்லை. கரை ஏறிய பிறகு கணிப்பு மேம்படுவதற்கு அதைவிட எளிய காரணம், அதற்குள் இரண்டு நாள் கழிந்து புயல் பக்கத்தில் வந்துவிட்டது என்பதே. இன்னொன்று, செயற்கை நுண்ணறிவு மாடல்கள் எல்லாவற்றையும் முறியடித்துவிட்டன என்பது. ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் அப்படி ஒன்றை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அழுத்த அமைப்புகள் எந்தப் பாதையில் போகும் என்பதில் அவை உண்மையிலேயே திறமையானவை. ஆனால் மணிக்கு இரண்டு மூன்று அங்குலம் கொட்டும் குறுகிய பனிப்பட்டை எந்த ஊர் மேல் நிற்கும் என்பது அவை வரைபடத்தைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களைவிடச் சிறிய சங்கதி. அதில் அவற்றை நம்பி நான் உப்பு வண்டி அனுப்ப மாட்டேன்.

ஆர்வலரை எப்படி எடைபோடுவது? பனிக்கு ஆசைப்படுபவர்தான் பனி ஆர்வலர் ஆகிறார், இதை மறக்கக் கூடாது. 22 அங்குலம் காட்டிய ஓட்டத்தைப் போட்டவர், ஆறு மணி நேரம் கழித்து வந்த அடுத்த ஓட்டம் 4 அங்குலம் காட்டினால் அதையும் போடுகிறாரா பாருங்கள். புயல் முடிந்த மறுநாள், தான் சொன்னதையும் விழுந்ததையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறாரா என்றும் பாருங்கள். இவை இரண்டும் இல்லாதவரைப் பொழுதுபோக்காகப் படிக்கலாம், அவ்வளவுதான். இவை இருப்பவர் சில நேரம் தொலைக்காட்சியைவிட நன்றாக விளக்குவார். அவரைவிட நல்லது அரசு வானிலை அலுவலகங்கள் தினமும் சில முறை வெளியிடும் முன்னறிவிப்பு விவாதக் குறிப்பு. எந்த மாடலை ஏன் நம்பவில்லை, எங்கே சந்தேகம் என்று பணியில் இருக்கும் வானிலையாளர் அதில் மனம்விட்டு எழுதுவார். உங்கள் வீடு இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டி மவுண்ட் ஹோலி அலுவலகத்தின் கீழ் வருகிறது. நியூவர்க் விமான நிலையம் லாங் ஐலண்டின் அப்டனில் இருக்கும் நியூயார்க் அலுவலகத்தின் கீழ். இரண்டையும் படியுங்கள்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். இன்றும் நாளையும் எதையும் மாற்றாதீர்கள். வியாழன் இரவு வாக்கில் ‘வாட்ச்’ என்ற முதல் எச்சரிக்கை வருகிறதா பாருங்கள். அரசு வானிலை அலுவலகத்துக்குப் பாதிக்கு மேல் நம்பிக்கை வந்த பிறகுதான் அதைப் போடுவார்கள். அது ‘வார்னிங்’ ஆக மாறினால் ஏறக்குறைய உறுதி என்று பொருள். அப்போது அலுவலகப் பக்கத்தில் மூன்று பனி வரைபடங்கள் இருக்கும்: எதிர்பார்ப்பது, குறைந்தபட்சம், அதிகபட்சம். குறைந்தபட்சம் என்பதைத் தாண்டப் பத்தில் ஒன்பது வாய்ப்பு, அதிகபட்சத்தைத் தாண்டப் பத்தில் ஒன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு அகலம் என்று பார்த்துத்தான் என் வேலையே நடக்கிறது. பெரிய புயல் நெருங்கும்போது விமான நிறுவனங்கள் ஒன்றிரண்டு நாள் முன்னதாகக் கட்டணம் இல்லாமல் தேதி மாற்ற அனுமதிப்பது வழக்கம். அது அறிவிக்கப்பட்டதும் மாற்றிவிடுங்கள். வயதானவர்கள் நடுவழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிட, சென்னையிலேயே இரண்டு நாள் கூடுதலாக இருப்பது எவ்வளவோ மேல். உறைமழை, அதாவது மழையாக விழுந்து தொட்ட இடத்தில் உறைவது, என்ற சொல் எங்காவது தென்பட்டால் மட்டும் அளவைப் பார்க்காதீர்கள். கால் அங்குலம் பனிக்கட்டி மரக்கிளையிலும் மின்கம்பியிலும் படிந்தால் போதும், ஒரு அடி பனியைவிட அது அதிகம் படுத்தும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு விழுந்தது என்பதைக்கூட ஒழுங்காகச் சொல்ல ஆள் வேண்டும், அங்கேதான் இந்த ஆர்வலர்கள் உண்மையான உதவி. 2016 புயலில் வாஷிங்டனின் ரேகன் விமான நிலையத்தில் அளவுப் பலகை பனிக்குள்ளேயே புதைந்து காணாமல் போக, அவர்கள் அறிவித்த 17.8 அங்குலம் சரிதானா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. அதே புயலில் வாஷிங்டனின் இன்னொரு விமான நிலையமான டல்லஸில் (Dulles) 29.3 அங்குலம். முறை எளிது: வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு பிளைவுட் பலகையைச் சுவர், மரம், காற்று வாரியடிக்கும் மூலை எதுவும் இல்லாத இடத்தில் தரையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கொடிக்குச்சி நட்டால் பலகை தொலையாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேலைச் செங்குத்தாக இறக்கி, பத்தில் ஒரு அங்குலம்வரை படித்து எழுதிக்கொண்டு, பலகையைத் துடைத்து மறுபடி வையுங்கள். அதைவிட அடிக்கடி துடைத்தால் பனி படிந்து அமுங்க நேரம் இல்லாமல் கூட்டுத்தொகை பொய்யாக ஏறிவிடும். கோகோராஸ் என்று ஒரு தன்னார்வ அமைப்பு இருக்கிறது. 1997ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, மறு வருடம் தொடங்கியது. அதில் பெயர் கொடுத்தால் நீங்கள் அளந்தது வானிலை அலுவலகத்துக்கே போய்ச் சேரும். ஞாயிறு பனி வந்தால் எடிசனின் அளவைப் போடுங்கள், என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.